காத்திருக்காத தட்டு, கணக்குப் போட்ட கம்ப்யூட்டர்: சிலிக்கான் வேலியில் ஒரு ஃப்ளாப்பி உலா!

கலிபோர்னியாவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போய் வந்த நம் ஊர்ப் பெற்றோரின் போட்டோக்களைப் பார்த்தால், சில இடங்கள் தவறாமல் இருக்கும். கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், ஆப்பிள், கூகுள் அலுவலக வாசலில் ஒரு செல்ஃபி. அதே ஊர்களுக்கு நடுவே, ஒரே நாளில் சுற்றி வரக்கூடிய இன்னொரு பாதையும் இருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை.

சான் ஹோசேயில் ஆரம்பித்து சன்னிவேல், கூப்பர்டினோ, லாஸ் ஆல்டோஸ் வழியாக மவுன்டன் வியூவில் முடியும் பாதை அது. இரு முனைகளுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் பிளம், ஆப்ரிகாட் தோட்டங்களாக இருந்த இந்தப் பள்ளத்தாக்கில்தான், சுழலும் தட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது எடுத்துப் படிக்கக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால், அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சுற்றும் தட்டு யாருக்காகவும் நிற்காது. கம்ப்யூட்டர்தான் அதன் வேகத்துக்குத் தாளம் போட வேண்டும். ஒரு விநாடியை 10 லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் துளி நேரம் பிசகினாலும் எழுதியது கெட்டுவிடும்.

அந்தத் தாளத்தை எப்படிப் பிடித்தார்கள்? இன்று அது தெரிந்தவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள்? இந்த ஒரு நாள் பயணத்தில் இரண்டுக்கும் பதில் கிடைக்கிறது.

சான் ஹோசே: ஒரு டன் எடை, 50 தட்டுகள்

முதல் நிறுத்தம் சான் ஹோசே நகரின் மையத்தில், 99, நாட்ர டேம் அவென்யூ. பார்ப்பதற்குச் சாதாரணக் கட்டடம். 1952-ல் ஐபிஎம் நிறுவனம் ரெனால்ட் ஜான்சன் என்ற பொறியாளரை இந்த ஊருக்கு அனுப்பி, புதிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கச் சொன்னது. அவருடைய குழு இங்கே உருவாக்கியதுதான் உலகின் முதல் ஹார்டு டிஸ்க் டிரைவ். 'ராமாக்' என்ற கம்ப்யூட்டரோடு சேர்த்து 1956 செப்டம்பரில் ஐபிஎம் அதை அறிவித்தது.

இன்றைய பென் டிரைவை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கற்பனை செய்ய முடியாது. 24 அங்குல அகலத்தில் 50 உலோகத் தட்டுகள், இட்லித் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றும். எடை ஒரு டன்னுக்கும் மேல். இவ்வளவு பெரிய இயந்திரத்தின் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று மொபைலில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவே அதை நிரப்பிவிடும்.

படிக்கும் 'ஹெட்' கொண்ட கை மேலும் கீழும் நகர்ந்து, சரியான தட்டைக் கண்டுபிடித்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ளே நுழையும். தட்டில் உரசாமல் இருக்க அழுத்தப்பட்ட காற்றை ஊதி, ஒரு மெல்லிய காற்று மெத்தை மேல் ஹெட்டை மிதக்கவிட்டார்கள்.

அதற்கு முன்பு தகவலெல்லாம் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும்தான் இருந்தது. நாடாவில் கடைசியில் இருப்பதைப் பார்க்க, முழு நாடாவையும் ஓட்ட வேண்டும். கேசட்டில் பிடித்த பாட்டைத் தேடியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். தட்டில் அப்படியில்லை. நேராக இடத்துக்குப் போய் எடுக்கலாம். வங்கி, ரயில், விமான டிக்கெட் என்று இன்று நாம் நொடியில் பார்த்துவிடும் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இந்தத் தெருதான்.

சன்னிவேல்: வீட்டுக்கு வந்த சின்னத் தட்டு

சான் ஹோசேயிலிருந்து 'கால்ட்ரெய்ன்' ரயிலில் வடக்கே போனால் சன்னிவேல். ஐபிஎம்மின் சான் ஹோசே கூடத்திலிருந்துதான் வளையும் தட்டான ஃப்ளாப்பியும் 1971-ல் வெளிவந்தது. முதல் ஃப்ளாப்பி 8 அங்குலம். அங்கே வேலை பார்த்த ஆலன் ஷுகார்ட், 1973-ல் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்ற அந்த நிறுவனம் இயங்கிய ஊர் சன்னிவேல். 1976-ல் அவர்கள் கொண்டுவந்த 'எஸ்ஏ 400' என்ற டிரைவ், ஃப்ளாப்பியை ஐந்தேகால் அங்குலத்துக்குச் சுருக்கியது. (ஷுகார்ட் அதற்கு முன்பே நிறுவனத்தைவிட்டு விலகியிருந்தார்.) அந்த அளவு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஒரு மதுக்கூடத்தில் நடந்த பேச்சில், மேஜை மேல் கிடந்த காகித நாப்கினைக் காட்டி, "இவ்வளவு இருந்தால் போதும்" என்று வாடிக்கையாளர் கேட்டாராம்.

டிரைவ் மட்டுமே சுமார் 390 டாலர். அதற்கு மேல் அதைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்க ஒரு 'கன்ட்ரோலர்' அட்டை வேண்டும். அன்றைய கன்ட்ரோலர்களில் டஜன் கணக்கில் சிப்கள் இருந்தன. வீட்டில் வாங்கி வைக்கும் விலையில் அது இல்லை. இந்த இடத்தில்தான் அடுத்த ஊர் கதைக்குள் வருகிறது.

கூப்பர்டினோ: கிறிஸ்துமஸ் லீவில் ஒரு பந்தயம்

வளையம்போல இருக்கும் இன்றைய ஆப்பிள் பார்க் கட்டடத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் கூப்பர்டினோ வருகிறார்கள். 1977-ல் ஆப்பிள் இயங்கியது ஸ்டீவன்ஸ் க்ரீக் பூல்வார்டில் ஒரு சிறிய அலுவலகத்தில். ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் அந்த ஆண்டுதான் விற்பனைக்கு வந்திருந்தது. அதில் புரோகிராமைச் சேமிக்க இருந்த ஒரே வழி, சாதாரண ஆடியோ கேசட்.

நிறுவனத்தின் முதலீட்டாளரும் தலைவருமான மைக் மர்குலா, தன் காசோலைக் கணக்கைப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அது கேசட்டிலிருந்து ஏறி முடிக்க நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்தவர், "நமக்கு டிஸ்க் வேண்டும்" என்றார். லாஸ் வேகாஸில் 1978 ஜனவரியில் மின்னணுப் பொருள் கண்காட்சி. அதற்குள் டிஸ்க் தயாராகிவிட்டால், தானும் லாஸ் வேகாஸ் போகலாம் என்று ஆசைப்பட்டார் 27 வயது ஸ்டீவ் வாஸ்னியாக். அவர் அதுவரை ஃப்ளாப்பி டிரைவில் வேலை செய்ததே இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க உட்கார்ந்தார். ஷுகார்ட் டிரைவின் வரைபடத்தை எடுத்துப் படித்து, "இது எதற்கு, அது எதற்கு" என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். டிரைவோடு வந்த சர்க்யூட் பலகையில் பெரும்பகுதி தேவையில்லை என்று முடிவு செய்தார். தட்டு ஒரு சுற்று முடித்ததைக் காட்டும் துளை உணரியையும் விட்டுவிட்டார். கடைசியில் அவருடைய கன்ட்ரோலரில் இருந்தவை வெறும் 8 சிப்கள். மற்ற சிப்கள் செய்த வேலையை யார் செய்வது? கம்ப்யூட்டரே செய்யட்டும், தாளம் தப்பாமல் எண்ணட்டும் என்றார்.

தாளம் எப்படி விழுகிறது?

ஆப்பிள் 2-வின் மூளையான 6502 சிப், விநாடிக்கு ஏறக்குறைய 10 லட்சத்து 20 ஆயிரம் முறை துடிக்கும். ஃப்ளாப்பித் தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது விநாடிக்கு 5 சுற்று சுற்றும். தட்டில் 'டிராக்' எனப்படும் 35 வட்டப் பாதைகள். ஒரு பாதையில் சுமார் 50,000 'பிட்'கள். கணக்குப் போட்டால், ஒரு பிட் ஹெட்டைக் கடக்க 4 மைக்ரோ விநாடி. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. எட்டு பிட் சேர்ந்த ஒரு 'பைட்'டுக்கு, சிப்பின் கணக்கில் 32 துடிப்புகள்.

ஓடும் ராட்டினத்தில் 32 எண்ணுவதற்குள் ஒரு பெட்டி உங்களைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பெட்டியில் இருப்பதை எடுத்து, பையில் போட்டு, அடுத்த பெட்டிக்குக் கையை நீட்டியிருக்க வேண்டும். தவறவிட்டால் ராட்டினம் நிற்காது. ஒரு சுற்று முடிந்து அந்தப் பெட்டி மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு லட்சம் துடிப்புகள்!

எழுதும்போது இன்னும் கறார். ஒவ்வொரு பைட்டையும் சரியாக 32 துடிப்புக்கு ஒருமுறை கன்ட்ரோலரிடம் கொடுக்க வேண்டும். 31-ம் கூடாது, 33-ம் கூடாது. 6502-ல் ஒவ்வொரு கட்டளைக்கும் இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டு. சிலவற்றுக்கு 2, சிலவற்றுக்கு 7. வாஸ்னியாக் அவற்றைக் கூட்டி, எங்கே குறைகிறதோ அங்கே எதுவும் செய்யாத கட்டளைகளைச் சேர்த்து 32-ஐ நிரப்பினார். அந்த புரோகிராமை மெமரியில் கொஞ்சம் தள்ளி வைத்தால்கூட ஆபத்து. மெமரியின் 256 பைட் எல்லைக்கோட்டை ஒரு தாவல் கட்டளை தாண்டினால், ஒரு துடிப்பு கூடிவிடும். தாளம் போய்விடும்.

பலகையா, பல கையா?

துளை உணரி இல்லாததால் இன்னொரு சிக்கல். தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிட்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பைட் எங்கே ஆரம்பிக்கிறது என்று எப்படித் தெரியும்?

ஓலைச்சுவடி படிப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் பழக்கமானது. புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் எழுத்துகள் ஓடும். 'பலகை' என்று படிப்பதா, 'பல கை' என்று பிரிப்பதா? ஒரு இடம் தவறிப் பிரித்தால், அதற்குப் பின் வருவதெல்லாம் வேறு அர்த்தம் தரும்.

இதற்கு அவர் கண்டுபிடித்த வழி அழகானது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால், வழக்கமான 32 துடிப்புக்குப் பதில் 40 துடிப்பில் சில பைட்களை எழுதுவார்கள். (13 செக்டர் இருந்த முதல் வடிவத்தில் 36 துடிப்பு.) அதாவது எட்டு 'ஒன்று'களுக்குப் பின் இரண்டு 'பூஜ்ய'ங்கள். கன்ட்ரோலருக்கு ஒரே ஒரு விதிதான்: எந்தப் பைட்டும் ஒன்றில்தான் தொடங்கும். பூஜ்யத்தில் தொடங்கினால் அதைத் தள்ளிவிடு. இந்த விசேஷ பைட்கள் ஐந்து கடப்பதற்குள், எங்கே இருந்து படிக்க ஆரம்பித்திருந்தாலும் கன்ட்ரோலர் தானாகவே சரியான இடத்துக்கு நகர்ந்துவிடும். பாட்டின் நடுவில் வந்து சேர்ந்தவர், இரண்டு ஆவர்த்தனம் கேட்டுவிட்டுச் சரியான இடத்தில் கை தட்ட ஆரம்பிப்பதைப்போல.

அதன்பின் மூன்று அடையாள பைட்கள் வரும்: 'டி5, ஏஏ, 96'. இவற்றில் முதல் இரண்டும் தகவல் பகுதியில் எங்குமே வராதபடி ஒதுக்கப்பட்டவை. இதைப் பார்த்தவுடன், இது எந்த டிராக், எந்த செக்டர் என்ற முகவரி வருகிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தட்டில் 'ஒன்று' என்றால் ஒரு காந்தத் துடிப்பு, 'பூஜ்யம்' என்றால் மௌனம். மௌனம் நீண்டால் எத்தனை பூஜ்யம் போனது என்று எண்ண முடியாது. மோட்டார் கொஞ்சம் மெதுவாக ஓடினால் கணக்கு தவறும். தட்டு இல்லாமல் மனதுக்குள்ளேயே நீண்ட நேரம் தாளம் எண்ணினால், இடம் தப்புமே, அப்படி! அதனால், முதல் வடிவத்தில் தொடர்ந்து ஒரு பூஜ்யத்துக்கு மேல் வரக்கூடாது என்று வைத்தார்கள். பிறகு இரண்டு வரை அனுமதிக்கலாம் என்று கண்டார்கள். ஒவ்வொரு துடிப்பு வரும்போதும் கன்ட்ரோலர் தன் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கும். மோட்டாரின் சிறு ஏற்ற இறக்கம் இதில் கரைந்துவிடும்.

இந்த விதிக்கு விலை உண்டு. 256 பைட் தகவலைத் தட்டில் எழுத, பிந்தைய வடிவத்தில்கூட 342 பைட் இடம் வேண்டும். அப்படியும் முதல் வடிவத்தில் ஒரு டிராக்கில் 13 செக்டர். 1980-ல் இரண்டு பூஜ்யங்களை அனுமதித்த பிறகு 16 செக்டர். டிரைவ் மாறவில்லை, ஃப்ளாப்பி மாறவில்லை. இரண்டு சிறிய மெமரி சிப்களும் புரோகிராமும்தான் மாறின. ஒரு பக்கக் கொள்ளளவு 1,16,480 பைட்டிலிருந்து 1,43,360 பைட்டாக உயர்ந்தது.

லேபிள் ஒட்டாத இரண்டு ஃப்ளாப்பிகள்

ரேண்டி விகின்டன் என்ற இளைஞருடன் சேர்ந்து லாஸ் வேகாஸுக்குப் போன பிறகும் வாஸ்னியாக் வேலை பார்த்தார். கண்காட்சியின் அன்று விடியற்காலை ஆறு மணி வாக்கில் எல்லாம் ஓடியது. "பத்திரமாக ஒரு காப்பி எடுத்து வைப்போம்" என்று நினைத்தார். கையில் லேபிள் ஒட்டாத இரண்டு ஃப்ளாப்பிகள். அசதியில், காலியாக இருந்ததை நல்லதன் மேல் காப்பி எடுத்துவிட்டார். இரவு முழுக்கச் செய்தது போயே போச்சு. அறைக்குப் போய்ச் சில மணி நேரம் தூங்கி எழுந்து, நினைவிலிருந்து திரும்ப எழுதினார். கண்காட்சியில் டிஸ்க் ஓடியது.

டிஸ்க் 2 என்ற பெயரில் அந்த டிரைவ் 1978-ல் விற்பனைக்கு வந்தது. முன்பதிவு விலை கன்ட்ரோலரோடு சேர்த்து 495 டாலர். ஃபைல்களை நிர்வகிக்கும் 'டாஸ்' புரோகிராமை எழுதித் தர, 13,000 டாலருக்கு ஒரு வெளி நிறுவனத்துடன் ஏப்ரல் 10-ல் ஒப்பந்தம் போட்டது ஆப்பிள். எழுதியவர் பால் லாட்டன். அவர் அதைத் துளையிட்ட அட்டைகளில் எழுதினார் என்பதுதான் வேடிக்கை. ராமாக் ஓரங்கட்ட நினைத்த அதே அட்டைகள்! 1979-ல் 'விசிகால்க்' என்ற கணக்குப் புரோகிராம் ஆப்பிள் 2-வுக்கு ஃப்ளாப்பியில் வந்தபோது, விளையாட்டுப் பொருளாக இருந்த கம்ப்யூட்டர் கடைக்கும் அலுவலகத்துக்கும் போனது.

லாஸ் ஆல்டோஸ்: தெருவிலிருந்து ஒரு பார்வை

கூப்பர்டினோவிலிருந்து காரில் சில நிமிடங்களில் லாஸ் ஆல்டோஸ், 2066 க்ரிஸ்ட் டிரைவ். ஸ்டீவ் ஜாப்ஸ் வளர்ந்த வீடு, புகழ்பெற்ற அந்த கராஜ். 2013-ல் உள்ளூர் நிர்வாகம் இதை வரலாற்று இடமாக அறிவித்தது. கராஜில்தான் எல்லாம் பிறந்தது என்ற கதை கொஞ்சம் மிகை என்று வாஸ்னியாக்கே சொல்லியிருக்கிறார். இது தனியார் வீடு. உள்ளே போக முடியாது. தெருவில் நின்று பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கிளம்ப வேண்டும்.

மவுன்டன் வியூ: இன்னும் ஓடும் இயந்திரங்கள்

பயணத்தின் பெரிய நிறுத்தம், 1401, நார்த் ஷோர்லைன் பூல்வார்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம். மணிச்சட்டத்திலிருந்து தொடங்கும் நிரந்தரக் கண்காட்சி 2011-ல் திறக்கப்பட்டது. சுற்றிப் பார்க்க அரை நாள் போதாது.

குழந்தைகளைக் கூட்டிப்போனால் தவறவிடக் கூடாதது, இயங்கும் பழைய கம்ப்யூட்டர்கள். 1959-ல் வந்த ஐபிஎம் 1401, அட்டைகளைத் தடதடவென்று விழுங்கித் தாளில் அச்சிடும். பிடிபி-1 கம்ப்யூட்டரில், 1962-ல் உருவான 'ஸ்பேஸ்வார்' விளையாட்டு ஓடும். சான் ஹோசேயில் தொடங்கிய கதையின் நாயகனான ராமாக் டிரைவும் இங்கே இருக்கிறது. பல ஆண்டு உழைப்பில் அதைச் சீர்செய்து, அரை நூற்றாண்டுக்கு முன் அந்தத் தட்டுகளில் எழுதப்பட்டதைத் திரும்பப் படித்தார்கள்.

இந்த இயந்திரங்களை ஓட வைப்பவர்களில் பலர் ஓய்வுபெற்ற பொறியாளர்கள். இளமையில் தாங்கள் பழுதுபார்த்த இயந்திரத்தை, முதுமையில் சம்பளமில்லாமல் பழுதுபார்க்கிறார்கள். உதிரி பாகம் கடையில் கிடைக்காது. எந்தச் சத்தம் சரியான சத்தம் என்பது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. அது அவர்கள் காதில் இருக்கிறது.

சத்தம் என்றதும் டிஸ்க் 2-வை நினைக்காமல் இருக்க முடியாது. ஆப்பிள் 2-வை ஆன் செய்தவுடன் 'டர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். கெட்டுப்போய்விட்டதோ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். ஹெட் எந்த டிராக்கில் நிற்கிறது என்று சொல்லும் உணரியும் அதில் கிடையாது. எனவே, எங்கே இருந்தாலும் சரி என்று கம்ப்யூட்டர் அதை ஓரத்துத் தடுப்பில் போய் மோதும்வரை தள்ளும். மோதிய இடம் பூஜ்ய டிராக். இருட்டில் சுவரைத் தொட்டுக் கதவைக் கண்டுபிடிக்கிற உத்தி!

மோட்டார் வேகம் சரிதானா என்று பார்க்கவும் ஒரு உத்தி உண்டு. டிரைவைக் கவிழ்த்தால் சக்கரத்தில் கோடுகள் வரைந்த இரண்டு வளையங்கள் தெரியும். ஒன்று அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, இன்னொன்று நம் நாட்டைப்போல 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களுக்கு. டியூப் லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால், வேகம் சரி. முன்னோ பின்னோ நகர்ந்தால், ஒரு சிறிய திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. 1982-ல் வந்த கமோடோர் 64-க்கான 1541 டிரைவுக்குள் தனியாக ஒரு ப்ராசஸரே இருந்தது. ஆனால், கம்ப்யூட்டரும் டிரைவும் பேசிக்கொண்ட கம்பி மிக மெதுவானது. விநாடிக்குச் சுமார் 400 பைட்தான். தவிர, அதன் திரைச் சிப் படம் வரைவதற்காக அவ்வப்போது ப்ராசஸரை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் தாளம் தப்பும். வேகமாக ஏற்ற நினைத்தவர்கள் செய்த தந்திரம், ஏறி முடியும்வரை திரையையே வெறுமையாக்கிவிடுவது!

நேரத்தையே சேமிக்கிறார்கள்

இவ்வளவு நுணுக்கமும் இன்று யாருக்கு வேண்டும்? ஒரு பரண் கதை.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' விளையாட்டை ஆப்பிள் 2-வுக்காக 1989-ல் வெளியிட்டவர் ஜோர்டான் மெக்னர். குதித்து ஓடும் இளவரசனின் அசைவுகள் அவருடைய தம்பி ஓடியதைப் படம்பிடித்து வரைந்தவை. இசை அவருடைய அப்பா. அதன் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே மெக்னர் நினைத்திருந்தார். 2012-ல் அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே ஃப்ளாப்பிகள். ஏப்ரலில், பழைய ஆப்பிள் இயந்திரங்களைச் சேகரிக்கும் டோனி டயஸும், இன்டர்நெட் ஆர்க்கைவைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட்டும் இயந்திரங்களோடு அவர் வீட்டுக்கு வந்தார்கள். இருபது வருடம் கடந்த ஃப்ளாப்பிகளிலிருந்து நிரல் மீண்டு வந்தது. மெக்னர் அதை எல்லோரும் பார்க்க இணையத்தில் போட்டுவிட்டார். ஒரு குடும்பமே சேர்ந்து செய்த வேலை பிழைத்தது.

எல்லாப் பெட்டிகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃப்ளாப்பியில் பூசிய காந்தப் பொடி உதிர்கிறது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. அதோடு, 1980-களில் விற்ற பல விளையாட்டுகளும் பாடப் புரோகிராம்களும் காப்பி எடுக்கப்படாமலிருக்க வேண்டுமென்றே தாளத்தை மாற்றி எழுதப்பட்டவை. அடையாள பைட்கள் வேறாக இருக்கும். ஒரு டிராக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர இடைவெளியே பூட்டாக இருக்கும். அதில் உள்ள பைட்களை மட்டும் காப்பி எடுத்தால் புரோகிராம் ஓடாது.

அதனால் பாதுகாப்பவர்கள் வேறு வழிக்குப் போனார்கள். 'ஆப்பிள்சாஸ்', 'க்ரியோஃப்ளக்ஸ்' போன்ற கருவிகள், தட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்ப்பதில்லை. ஒரு காந்தத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பதிவு செய்கின்றன. அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், தாளத்தை முதலில் காப்பாற்று என்பதே கணக்கு. அப்படிப் பதிவானதைச் சேமிக்க 2018-ல் வந்த ஒரு கோப்பு வடிவத்தின் பெயர் என்ன தெரியுமா? 'வாஸ்'. வாஸ்னியாக்கின் செல்லப் பெயர்!

உங்கள் பரணில் ஃப்ளாப்பி இருக்கிறதா?

90-களில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் வீட்டில் இன்னும் இருக்கலாம். மூன்றரை அங்குலம், 1.44 எம்பி. கல்லூரி ப்ராஜெக்ட், முதல் பயோடேட்டா, ஸ்கேன் செய்த குடும்பப் போட்டோ என்று ஏதோ ஒன்று.

* மூடியை மெல்ல நகர்த்தித் தட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால், டிரைவில் போடாதீர்கள். ஃப்ளாப்பியோடு டிரைவின் ஹெட்டும் கெடும். தட்டை விரலால் தொடாதீர்கள்.
* மூலையில் இருக்கும் சின்னத் தடுப்பை நகர்த்தி, துளை தெரியும்படி வையுங்கள். அப்போது தவறுதலாக எதுவும் மேலே எழுதப்படாது.
* யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் போதும். ஆனால், அது பிசி ஃப்ளாப்பிகளுக்கு மட்டும்தான். ஆப்பிள் 2, கமோடோர் ஃப்ளாப்பிகளை அதில் படிக்க முடியாது.
* படிக்கக் கிடைத்தால், உடனே முழுவதையும் காப்பி எடுங்கள். அடுத்த முறை அது படிக்குமென்று உத்தரவாதம் இல்லை.
* காப்பி எடுக்கும் முன் எது பழையது, எது புதியது என்று லேபிள் ஒட்டுங்கள். வாஸ்னியாக்குக்கே நடந்தது!

போகிறவர்களுக்கு...

* சான் ஹோசே டிரிடான், சன்னிவேல், மவுன்டன் வியூ மூன்றும் கால்ட்ரெய்ன் நிலையங்கள். கூப்பர்டினோவுக்கும் லாஸ் ஆல்டோஸ் வீட்டுக்கும் கார் வசதி.
* மியூசியம் எல்லா நாளும் திறந்திருக்காது. ஐபிஎம் 1401, பிடிபி-1 இயக்கிக் காட்டும் நாட்களும் குறிப்பிட்டவை. இணையதளத்தில் பார்த்துவிட்டு, அந்த நாளாகத் தேர்ந்தெடுத்துப் போங்கள். நின்றிருக்கும் இயந்திரத்தைப் பார்ப்பதற்கும், ஓடும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம்.
* இயக்கிக் காட்டும் பெரியவர்களிடம் தயங்காமல் கேள்வி கேளுங்கள். குழந்தைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.